பூஸ்ட் போர்டில் கோளாறா? முதலில் கரண்ட் நுழையும் பக்கத்தை அளந்து பாருங்கள்

ரங்கூனில் தாம்வே பக்கம் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் என் ரிப்பேர் மேசை இருக்கிறது. முன்பெல்லாம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும்தான் வரும். இப்போது வருவதில் பாதிக்கு மேல், கரண்ட் இல்லாத நேரத்தில் ஓடவேண்டிய சாமான்கள்: ரவுட்டர், 12 வோல்ட் ஃபேன், எல்இடி பட்டை, கோயில் மைக் செட். கரண்ட் வந்தால் தெருவே "மீ லாபீ" என்று, அதாவது கரண்ட் வந்துவிட்டது என்று, சத்தம் போடும். அந்தச் சத்தம் வரும்வரை ரவுட்டரை ஓட்டிக்கொண்டிருப்பது பல வீடுகளில், குறைந்த வோல்ட்டை 12 ஆக ஏற்றித் தரும், கட்டைவிரல் அளவுள்ள ஒரு பூஸ்ட் போர்டுதான்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி அக்கா பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறார். ஒரு நாள் கையில் மூன்று போர்டுகளோடு இறங்கி வந்தார். "தம்பி, சும்மா வச்சா மீட்டர்ல 12 காட்டுது. ரவுட்டரைச் சொருகினா எரிஞ்சு எரிஞ்சு அணையுது. மூணுமே இப்படித்தான். எல்லாம் கெட்டுப்போச்சா?" மூன்று போர்டும் நன்றாகவே இருந்தன. குற்றம் பவர் பேங்கிலிருந்து போர்டுக்கு வந்த கேபிளில் இருந்தது. பூஸ்ட் போர்டு பழுது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான். அதனால் ஈயக்கோலைச் சூடாக்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

போர்டு வோல்ட்டை ஏற்றித் தருகிறது. வாட்டை அதனால் ஏற்ற முடியாது. 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் ரவுட்டருக்கு 6 வாட் வேண்டும். போர்டு நூற்றுக்கு 85 பங்கைத்தான் வெளியே தரும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே 7 வாட் போகவேண்டும். 5 வோல்ட் பவர் பேங்க் என்றால் அது 1.4 ஆம்பியர். ஒற்றை லித்தியம் செல் என்றால் 3.7 வோல்ட்டில் 1.9 ஆம்பியர்; செல் இறங்கி 3.2 வோல்ட்டுக்கு வரும்போது 2.2 ஆம்பியர். ரவுட்டர் முழுசாக ஒரு ஆம்பியர் இழுத்தால் இதெல்லாம் இரண்டு மடங்கு. வெளியே ஒன்று போகவேண்டுமானால் உள்ளே மூன்று நான்கு வரவேண்டும். இதை மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தானாகவே விளங்கிவிடும்.

இப்போது அக்காவின் கேபிளுக்கு வருவோம். பழைய போன் சார்ஜர் கேபிள், ஒரு மீட்டர் நீளம், உள்ளே முடி மாதிரி மெல்லிய வயர். 28 கேஜ் வயருக்கு (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்) மீட்டருக்கு 0.21 ஓம், போக ஒன்று, வர ஒன்று சேர்த்தால் 0.43 ஓம். 1.4 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.6 வோல்ட் போய்விடும். போர்டுக்குக் கிடைப்பது 4.4. ஆனால் போர்டுக்கு அதே 7 வாட் வேண்டுமே, அதனால் 1.6 ஆம்பியர் இழுக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் குறையும், இன்னும் கொஞ்சம் கூட இழுக்கும். ரவுட்டர் சும்மா இருக்கும்வரை இது 4.3 வோல்ட் பக்கத்தில் எப்படியோ நின்றுவிடும். வகுப்பு ஆரம்பித்து ரவுட்டர் 0.8 ஆம்பியர் கேட்டதும், உள்ளே போகவேண்டியது 11 வாட்டைத் தாண்டும். போர்டின் வாயில் 3.7 வோல்ட்தான் மிஞ்சும், கரண்ட் 3 ஆம்பியருக்கு ஏறும். 2 ஆம்பியர் பவர் பேங்க் அதைக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிடும். ரவுட்டர் அணையும், லோடு, அதாவது கரண்டை இழுக்கும் சாமான், போனதும் பவர் பேங்க் மறுபடி திறக்கும், ரவுட்டர் எரியும். அக்கா பார்த்தது இதைத்தான்.

நான் செய்தது: கேபிளை முப்பது சென்டிமீட்டராக்கி 20 கேஜ் வயர் போட்டேன். போர்டின் நுழைவுப் புள்ளிகளிலேயே 470 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கண்டென்சர் ஒன்றை ஈயம் வைத்தேன். பவர் பேங்கையும் 3 ஆம்பியர் தருகிற ஒன்றாக மாற்றச் சொன்னேன். மூன்றில் ஒரு போர்டு இன்னும் ஓடுகிறது. மற்ற இரண்டும் என் டப்பாவில் இருக்கின்றன.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குயிக் சார்ஜ் என்ற வேகச் சார்ஜ் வசதி உள்ள பவர் பேங்குகளில் பல தாங்களாகவே 12 வோல்ட் தரும். அதைக் கேட்டு வாங்கும் சின்ன டிரிகர் போர்டு கிடைக்கிறது. அப்படியானால் பூஸ்ட் போர்டே தேவையில்லை. பவர் டெலிவரி என்ற இன்னொரு வேகச் சார்ஜ் வகையில் 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கம். 12 சிலவற்றில்தான் உண்டு. பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.)

அளப்பது எப்படி

லோடு இல்லாமல் அளந்து ஒன்றும் தெரியாது. அதற்காக ரவுட்டரையே பலி கொடுக்க வேண்டியதில்லை. 22 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், ரவுட்டருக்குச் சமம். கை வைக்க முடியாத சூடு ஏறும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் மேசையில் வேண்டாம். கார் பல்பு போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது பல மடங்கு கரண்டை இழுப்பதால் நல்ல போர்டு கூடக் கெட்டது போலத் தெரியும்.

லோடு ஓடும்போது மீட்டரின் இரண்டு முனையையும் போர்டின் நுழைவுப் புள்ளிகளிலேயே வைத்து வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரி முனையில் அளந்தால் கேபிளின் திருட்டு தெரியாது. பிறகு பேட்டரி முனையிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரையோ சொருகியையோ சுவிட்சையோ பார்க்கவேண்டும். மீட்டரை ஆம்பியரில் வைத்து வயரின் நடுவே சொருகுகிற பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். மீட்டரும் அதன் வயரும் சேர்ந்து இன்னொரு மெல்லிய கேபிளாக நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இல்லாத கோளாறு ஒன்று அங்கே பிறக்கும்.

நுழைவில் வோல்ட் சரியாக நிற்கிறது, ஆனாலும் வெளியே 12 வரவில்லை என்றால்தான் போர்டின் மேல் சந்தேகப்படவேண்டும்.

வெளியே என்ன வருகிறது என்பதே பாதி விடை. உள்ளே 5, வெளியே 4.7 என்றால் ஐசி, அதாவது காயிலில் ஓடும் கரண்டை விட்டு விட்டு வெட்டி வோல்ட்டை ஏற்றும் சில்லு, ஸ்விட்ச் ஆகவே இல்லை. காயில் வழியாக, டயோடு வழியாக பேட்டரி நேராக வெளியே எட்டிப் பார்க்கிறது. டயோடு எடுத்துக்கொண்டது 0.3. பூஸ்ட் சுற்றில் இந்த வழி எப்போதுமே திறந்திருக்கும். எம்டி3608 ஐசி போட்ட சின்ன போர்டு புதிதாக இருந்தால், முதலில் அந்த நீலப் பெட்டித் திருகைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். இரண்டு சுற்றில் நிறுத்தாதீர்கள். பத்துப் பன்னிரண்டு சுற்று வரைக்கும் ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று ஏறும். கெட்டுப்போனது என்று கொண்டுவந்த எத்தனையோ போர்டுகளை இந்தத் திருகு ஒன்றாலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். திருகு எல்லை வரை போனால் 28 வோல்ட் வரும்.

அந்த 28 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அடுத்த சோதனை சுலபம். எம்டி3608 தன் ஃபீட்பேக் காலில் எப்போதும் 0.6 வோல்ட் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். நான் பார்த்த போர்டுகளில் கீழே 2.2 கிலோ ஓம், மேலே 100 கிலோ ஓம் திருகு (திருப்பினால் ஓம் மாறும் ரெசிஸ்டர்). இரண்டும் சேர்ந்து வெளியே வருவதைப் பங்கு போட்டு ஐசிக்குக் காட்டுகின்றன. 12 வோல்ட்டுக்குத் திருகு 41.8 கிலோ ஓமில் நிற்கவேண்டும். மலிவான திருகின் உள்ளே தொடுமுனை ஒரு கணம் விலகினாலும் ஐசிக்கு 0.6 கிடைக்காது, அது வோல்ட்டை ஏற்றிக்கொண்டே போகும். ரவுட்டருக்கு அது ஆபத்து. அதனால் நிரந்தரமாக வைக்கிற எதிலும் நான் திருகைக் கழற்றிவிட்டு 39 கிலோ ஓமும் 2.7 கிலோ ஓமும் தொடராக வைக்கிறேன். 11.97 வோல்ட் வரும். ஐந்து நிமிட வேலை, மழைக்காலத்து ஈரத்தில் ஒரு ரவுட்டரைக் காப்பாற்றும்.

ஃபீட்பேக் காலில் மீட்டரை வைத்து இப்படிப் படியுங்கள். அங்கே சரியாக 0.6 இருக்கிறது, வெளியே வோல்ட் தவறு என்றால், ஐசி தன் வேலையைச் செய்கிறது, ரெசிஸ்டர் கணக்குத்தான் தப்பு. 0.6க்குக் கீழே இருந்தால் ஐசி ஏற்ற முயன்று முடியாமல் நிற்கிறது: உள்ளே கரண்ட் போதவில்லை, அல்லது காயில் தாங்கவில்லை, அல்லது ஐசி செத்துவிட்டது. 0.6க்கு மேலே இருந்தால் பேட்டரி வோல்ட்டே நாம் வைத்த அளவைத் தாண்டிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். போர்டில் இருப்பது வேறு பூஸ்ட் ஐசி என்றால் இந்த எண் மாறும்: எக்ஸ்எல்6009 என்றால் 1.25, எல்எம்2577 என்றால் 1.23.

ஐசி செத்ததா என்று பார்க்க பேட்டரியைக் கழற்றிவிட்டு, காயிலும் டயோடும் சேரும் இடத்துக்கும் மைனஸுக்கும் நடுவில் ஓம் அளக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ஒட்டிப்போய்விட்டது. அந்த போர்டைப் பேட்டரியில் வைத்தால் காயில் வழியாக நேரே ஷார்ட். நாலு நொடியில் புகை வரும்.

சூடு

டயோடைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். போன வருடம் திங்ஜானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுக்கு, முந்தின வாரம், ரங்கூன் வெயில் உச்சியில் இருந்தபோது, ஃபேன் ஓட்டும் பூஸ்ட் போர்டு ஒன்று வந்தது. வேறு இடத்தில் ஒருமுறை பழுது பார்த்தது. 12 வருகிறது, ஐந்து நிமிடத்தில் 9 ஆகிறது, டயோடில் விரல் வைக்க முடியவில்லை. புரட்டிப் பார்த்தால் 1என்4007 போட்டிருக்கிறது. நல்ல டயோடுதான், 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு. ஒரு பக்கம் கடத்திவிட்டு மறுபக்கம் அடைக்க அதற்கு மைக்ரோ நொடிக் கணக்கில் நேரம் பிடிக்கும். எம்டி3608 நொடிக்கு 12 லட்சம் முறை ஸ்விட்ச் ஆகிறது; ஒரு முறைக்கு மொத்தமே ஒரு மைக்ரோ நொடிகூட இல்லை. டயோடு அடைத்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். வெளியே சேர்த்த கரண்ட் திரும்ப உள்ளே ஒழுகி முழுவதும் சூடாகிறது. இங்கே வேகமாக அடைக்கும் ஷாட்கி வகை டயோடுதான் வேண்டும்: எஸ்எஸ்34, இல்லையென்றால் 1என்5822. இரண்டும் 3 ஆம்பியர், 40 வோல்ட். மேலே எழுத்து அழிந்திருந்தால் மீட்டரின் டயோடு நிலையில் வையுங்கள். ஷாட்கி 0.15 முதல் 0.3 வரை காட்டும். 0.5க்கு மேல் காட்டினால் வேறு ஜாதி, எடுத்துவிடுங்கள்.

டயோடு சரி, காயில் சுடுகிறது என்றால் காயில் நிறைந்துபோகிறது. காயிலின் நடுவில் உள்ள ஃபெரைட் ஒரு அளவுக்குத்தான் காந்தத்தைத் தாங்கும். அதைத் தாண்டினால் அது காயிலாக இல்லாமல் வெறும் வயராகிவிடும். கரண்ட் தாவி ஏறும், ஐசி பாதுகாப்புக்காக நிறுத்தும். எம்டி3608 விற்கும் இடத்தில் 4 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஸ்விட்ச் தாங்கும் உச்சத்தை. வெளியே அவ்வளவு வரும் என்று நம்பி வாங்காதீர்கள். ஒற்றை செல்லிலிருந்து 12 வோல்ட் ஒரு ஆம்பியர் எடுக்க அந்தச் சின்ன போர்டால் முடியாது. மேலே போட்ட கணக்கிலேயே உள்ளே 4 ஆம்பியரைத் தாண்டுகிறது.

எக்ஸ்எல்6009 என்று எழுதிய போர்டு வாங்கினால் இன்னொரு சோதனை செய்யுங்கள். அந்த ஐசி 400 கிலோஹெர்ட்ஸில் ஓடவேண்டும். மேலே அந்தப் பெயரை அச்சடித்து, உள்ளே 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் பழைய வகை ஐசியை வைத்த போலிகள் பஜாரில் உலவுகின்றன. மீட்டரில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால், லோடு வைத்து, காயிலும் டயோடும் சேரும் இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், 33 மைக்ரோஹென்றி காயிலில் 5 வோல்ட்டை 12 ஆக்கும்போது கரண்டின் ஏற்ற இறக்கம் 400 கிலோஹெர்ட்ஸில் 0.2 ஆம்பியர், 52 கிலோஹெர்ட்ஸில் 1.7 ஆம்பியர். அதே காயில், அதே லோடு, எட்டு மடங்கு ஆட்டம். போலிதான் மாட்டிக்கொண்டது என்றால் காயிலை 100 மைக்ரோஹென்றிக்கு மாற்றி, குறைந்த லோடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஈயம் வைக்காமல் பாகங்களைக் குத்தி இணைக்கும் பிரெட்போர்டில் ஓட்டிப் பார்க்கிற மாணவர்கள் வருவார்கள். தம்பிமார்களே, அதில் இது ஓடாது. ஸ்விட்ச், டயோடு, வெளிக் கண்டென்சர் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கவேண்டும்.

எது ஏறவேண்டும், எது இறங்கவேண்டும்

எங்கள் தெருக் கோயில் மைக் செட்டை கார் பேட்டரியில் ஓட்டுகிறார்கள். "வோல்ட் நிலையாக இருக்கட்டும்" என்று ஒருவர் நடுவில் பூஸ்ட் போர்டு வைத்து 12க்குத் திருகி வைத்தார். கரண்ட் வந்து சார்ஜர் ஓடும்போது வெளியே 14 வந்தது. போர்டு பழுது என்றார்கள். பழுதே இல்லை. பூஸ்ட் சுற்றால் ஏற்றத்தான் முடியும். பேட்டரி 14.4க்குப் போனால், காயிலும் டயோடும் அதை அப்படியே வெளியே விட்டுவிடும். ஃபீட்பேக்கில் 0.6க்கு மேல் என்று சொன்னேனே, அது இதுதான்.

அதனால் எந்த ரெகுலேட்டர் என்று யோசிக்கும்போது பேட்டரி மேல் எழுதிய எண்ணை மறந்துவிட்டு, அது முழுதாக நிறைந்து சார்ஜரில் இருக்கும்போது எவ்வளவு, காலியாகும்போது எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதுங்கள். 12 வோல்ட் ஈய பேட்டரிக்கு 14.4, 11.5. மூன்று லித்தியம் செல் தொடருக்கு 12.6, 9. ஒற்றை செல்லுக்கு 4.2, 3. உங்கள் சாமானுக்கு வேண்டிய வோல்ட் இந்த இரண்டுக்கும் மேலே இருந்தால் பூஸ்ட். இரண்டுக்கும் கீழே இருந்தால் வோல்ட்டை இறக்கித் தரும் பக். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், ஏற்றவும் இறக்கவும் தெரிந்த பக்-பூஸ்ட் அல்லது செபிக். 12 வோல்ட் ரவுட்டரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவது நடுவில் விழும் கேஸ். பார்க்க மிகச் சுலபமாகத் தெரிந்தாலும் தேர்ந்தெடுக்கும்போது கஷ்டமானது இதுதான். எக்ஸ்எல்6009 ஐசியையே வைத்து, இரண்டு காயிலும் நடுவில் ஒரு கண்டென்சரும் போட்ட செபிக் போர்டுகள் கிடைக்கின்றன. ஒரு காயில் மட்டும் இருந்தால் அது சாதா பூஸ்ட். பெயரை நம்பாமல் காயிலை எண்ணுங்கள்.

கோயில் மைக் செட்டுக்கு நான் ரெகுலேட்டரையே எடுத்துவிட்டேன். அது காருக்குச் செய்த ஆம்ப்ளிஃபயர், 14.4 அதற்குப் பழக்கம். எல்இடி பட்டை அப்படியல்ல. மூன்று விளக்குக்கு ஒரு ரெசிஸ்டர் என்று தொடராக இருக்கும். மூன்று விளக்கும் சேர்ந்து 9.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் ரெசிஸ்டரின் மேல் 2.7 வோல்ட், 14.4இல் 5 வோல்ட்டை ஒட்டும். அதாவது கரண்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வீடு வீடாகப் பட்டைகள் கறுத்துப்போவதற்குக் காரணம் இது. இதற்குச் செபிக் வேண்டாம். எல்எம்2596 பக் போர்டை 10.8 வோல்ட்டுக்கு வைத்துவிடுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பட்டை வருடக்கணக்கில் இருக்கும். வேண்டிய வோல்ட்டை நாமே கொஞ்சம் இறக்கிக்கொண்டால் கஷ்டமான கேஸ் சுலபமான கேஸாக மாறும். எனக்குப் பிடித்த வழி இது.

லீனியர் ரெகுலேட்டர், அதாவது கூடுதல் வோல்ட்டைச் சூடாகவே கழித்துவிடும் 7805 போன்றவை, எப்போது? கழித்துப் பெருக்குங்கள். 14.4இலிருந்து 5 வோல்ட் ஒரு ஆம்பியர் என்றால் 9.4 வாட் வெறும் சூடு. ஹீட்சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்கே 50, 60 டிகிரி ஏறும். ஏப்ரல் மாதத்து ரங்கூனில் அது நிற்காது. 50 மில்லி ஆம்பியர் சென்சார் என்றால் அரை வாட்தான். அங்கே 7805 அமைதியாக, இரைச்சல் இல்லாமல் வேலை செய்யும். ரேடியோ ரிசீவருக்குப் பக்கத்தில் நான் எப்போதும் லீனியர்தான் வைப்பேன்.

கடைசியாக, எந்த வகையானாலும் வயரை இணைக்கும் வரிசை. முதலில் ஃபியூஸ், பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு விரல் தூரத்துக்குள். ரவுட்டருக்கு 3 ஆம்பியர் போதும். பூஸ்ட் போர்டில் வெளிப்பக்கம் ஷார்ட் ஆனால் ஐசியால் தடுக்க முடியாது, பேட்டரி முழுக் கரண்டும் காயில், டயோடு வழியாகப் பாயும். அதை நிறுத்துவது ஃபியூஸ் மட்டும்தான். லித்தியம் செல் என்றால் பாதுகாப்பு போர்டு இல்லாமல் இணைக்காதீர்கள். எம்டி3608 2 வோல்ட் வரை உறிஞ்சும், செல்லோ 2.5க்குக் கீழே போனால் கெட்டுப்போகும். ஈய பேட்டரியை லேசான லோடில் 11.8 காட்டும்போதே நிறுத்துங்கள். அப்புறம் போர்டை 12க்கு வைத்து, சிமென்ட் ரெசிஸ்டரில் அரை மணி நேரம் ஓடவிட்டு, டயோடையும் காயிலையும் தொட்டுப் பார்த்து, ஜாக்கின் நடுமுனை பிளஸ்தானா என்று ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்ட பிறகு ரவுட்டரைச் சொருகுங்கள்.